கல், செம்பு, அட்டை, வட்டு: ஹார்ட் டிஸ்க் வாங்கும் முன் கொஞ்சம் வரலாறு



"வீட்டிலேயே ஒரு சின்ன சர்வர் வைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறோம். விலை கட்டுப்படியாகிற ஹார்ட் டிஸ்க் எது?" இந்தக் கேள்வி கடந்த சில மாதங்களாக நம் குடியிருப்பில் லிஃப்டிலும் மொட்டை மாடியிலும் அடிக்கடி காதில் விழுகிறது. ஒரு பழைய கணினியையோ சின்னப் பெட்டியையோ வைஃபை பக்கத்தில் வைத்து, வீட்டில் எல்லோருடைய கைப்பேசிப் படங்களும், கல்யாண வீடியோவும், வரி ரசீதும், பத்திர நகலும் தானாக அதில் போய்ச் சேரும்படி செய்வதைத்தான் வீட்டு சர்வர் என்கிறார்கள். மாதா மாதம் வாடகை கட்டி வெளியூர்க் கணினியில் வைப்பதைவிட ஒருமுறை செலவழித்து வீட்டிலேயே வைத்துக்கொள்வது மேல் என்பது அவர்கள் கணக்கு. கணக்கு தப்பில்லை.

எந்த மாடல் என்று சொல்ல நான் கடைக்காரன் இல்லை. மாடலும் விலையும் அடுத்த இதழ் வருவதற்குள் மாறிவிடும். ஆனால் எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதற்கு ஒரு விதி இருக்கிறது. அந்த விதி 1988-ல் அமெரிக்காவில் ஒரு கட்டுரைத் தலைப்பாக வந்தது. அதற்கு ஆயிரம் ஆண்டு முன்பே நம் ஊர்ப் பக்கத்தில் அதை நடைமுறையில் வைத்திருந்தார்கள். ஆகவே வரலாற்றிலிருந்து தொடங்கிக் கடைக்குப் போகலாம்.

கைலாசநாதர் கோயில் சுவர்

பெரிய காஞ்சிபுரத்தின் மேற்கு ஓரத்தில் உள்ள கைலாசநாதர் கோயிலுக்கு நீங்கள் பல முறை போயிருப்பீர்கள். ராஜசிம்மன் என்ற இரண்டாம் நரசிம்மவர்ம பல்லவன் சுமார் 1,300 ஆண்டுகளுக்கு முன் கட்டியது. அடுத்த முறை போகும்போது பிராகாரத்தைச் சுற்றி வரிசையாக இருக்கும் சின்னச் சின்னச் சன்னதிகளின் அடிப்பகுதியைக் குனிந்து பாருங்கள். மன்னனின் பட்டப்பெயர்கள் நூற்றுக்கணக்கில் வெட்டப்பட்டிருக்கும். ஒரே பெயர்ப் பட்டியல் ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்து வடிவங்களில், அடுக்கடுக்காக வெவ்வேறு வரிசைகளில் வருகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். கோயிலின் அடித்தளம் கருங்கல். அதற்கு மேலே உள்ள சுவர் மணற்கல். கருங்கல்லில் வெட்டிய எழுத்து இன்றும் கூர்மையாக இருக்கிறது. மணற்கல் காற்றிலும் மழையிலும் பொரிந்து உதிர்ந்திருக்கிறது. இரண்டும் ஒரே மன்னன் காலத்தில், ஒரே கோயிலில், ஒரே வெயிலில் இருந்தவை. பொருள் வேறு என்பதால் ஆயுளும் வேறாகிவிட்டது. ஒரு வரிசை சிதைந்த இடத்தில் இன்னொரு வரிசை தப்பியிருந்தால் பெயர் நமக்குக் கிடைக்கிறது.

முக்கியமான ஆவணம் என்றால் ஒரே இடத்தில் எழுதி விட்டுவிடும் வழக்கம் அந்தக் காலத்தில் இல்லை. கல்லிலும் செம்பிலும் வெட்டிக்கொள்ள வேண்டும் என்று கல்வெட்டுகளிலேயே ஆணைகள் வருகின்றன. கல் என்பது கோயில் சுவர். நகர்த்த முடியாது, ஊரே பார்க்கலாம். செம்பு என்பது செப்பேடு. வளையத்தில் கோத்து முத்திரை வைத்து, உரியவர் வீட்டிலோ கோயிலிலோ பத்திரமாக இருக்கும். சுவர் இடிந்தால் செப்பேடு இருக்கும். செப்பேடு களவு போனால் சுவர் இருக்கும். நம் ஊருக்கு அருகே கூரம் கிராமத்தில் கிடைத்த பல்லவர் செப்பேடுகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். முதலாம் பரமேசுவரவர்மன் காலத்துத் தானம் அந்தத் தகடுகளால்தான் நமக்குத் தெரியவந்தது.

எல்லாவற்றையும் கல்லிலும் செம்பிலும் எழுதவில்லை என்பதும் முக்கியம். கல் வெட்ட ஆளும் செலவும் வேண்டும். நம் மாவட்டத்திலுள்ள உத்திரமேரூரில் 919, 921 ஆண்டுகளில், முதலாம் பராந்தகன் காலத்தில் வெட்டிய கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தல் விதிகளைச் சொல்கின்றன. யார் நிற்கலாம், யார் நிற்கக் கூடாது என்ற விதி கல்லில் இருக்கிறது. பெயர் எழுதிக் குடத்தில் போட்ட சீட்டு ஓலையில். சீட்டின் வேலை அன்றோடு முடிந்தது, அதற்கு ஓலை போதும். விதி தலைமுறைக்கும் வேண்டும், அதற்குக் கல். எதை எதில் வைப்பது என்று செலவு பார்த்து முடிவு செய்திருக்கிறார்கள். இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைக்குப் போகும்போது உதவும்.

திருமழபாடியில் நடந்தது

இனி சோழ நாட்டுக்குப் போவோம். இன்றைய அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடக் கரையில் திருமழபாடி வைத்தியநாதர் கோயில் இருக்கிறது. சுமார் 1013-ல் முதலாம் ராஜராஜன் அந்தக் கோயில் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட ஆணையிட்டான். பழைய சுவர் முழுக்கக் கல்வெட்டு. யார் எவ்வளவு நிலம் கொடுத்தார், எத்தனை விளக்கு எரிய வேண்டும் என்ற கணக்கெல்லாம் அதில்தான். சுவரை இடித்தால் கோயிலின் சொத்துப் பதிவேடே போய்விடும்.

மன்னன் என்ன செய்தான் என்பதை அந்தக் கோயில் கல்வெட்டே சொல்கிறது. இடிக்கும் முன் கல்வெட்டுகளை எல்லாம் புத்தகத்தில் படியெடுக்கச் சொன்னான். பிறகு அவன் மகன் ராஜேந்திரன் காலத்தில், 1026-ஐ ஒட்டி, அந்தப் புத்தகத்தைப் பார்த்துப் புதுச் சுவரில் மறுபடியும் வெட்டினார்கள்.

பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிப் புதியது போடும் எந்தக் கணினிக்காரரும் இன்று செய்வது இதே மூன்று வேலைதான். முதலில் நகல் எடுப்பது. பிறகு பழையதை அகற்றுவது. பிறகு நகலிலிருந்து திரும்பக் கொண்டுவருவது. மூன்றாவதைத்தான் பலர் செய்து பார்ப்பதில்லை. நகல் இருக்கிறது என்ற நம்பிக்கையில் இருந்துவிட்டு, தேவைப்படும் நாளில் அது திறக்கவில்லை என்று தெரிந்தால் என்ன பயன்?

நம் ஊர்க் கல்வெட்டுகளுக்கும் இப்படி ஒரு மறுநகல் பின்னாளில் கிடைத்தது. 1886-ல் சென்னை மாகாணத்தின் கல்வெட்டு அறிஞராகப் பணியேற்ற ஜெர்மானியர் ஹூல்ஷ், கைலாசநாதர் கோயில் கல்வெட்டுகளைப் படித்து 1890-ல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் அச்சேற்றினார். அதற்குப் பின் மணற்கல் எவ்வளவு உதிர்ந்தாலும், அன்று படிக்க முடிந்த எழுத்துகள் புத்தகத்தில் இருக்கின்றன.

தறியில் ஓடிய அட்டை

கல்லிலிருந்து கணினிக்கு வர இடையில் ஒரு படி வேண்டும். அந்தப் படியும் நம் தெருக்களிலேயே இருக்கிறது.

பிள்ளையார்பாளையம் பக்கம் தறி ஓடும் வீட்டுக்குள் போனால், தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி தெரியும். அதிலிருந்து துளை போட்ட அட்டைகள் நூலில் கோத்த மாலை போலத் தொங்கும். புடவையின் கரையிலோ முந்தானையிலோ வரும் அன்னமும் மாங்காயும் அந்த அட்டையில்தான் பதிவாகி இருக்கின்றன. துளை இருந்தால் கொக்கி மேலே போய்ப் பாவு நூலைத் தூக்கும். துளை இல்லாவிட்டால் தூக்காது. ஒரு அட்டைக்கு ஒரு ஊடை. அட்டை மாற மாற வடிவம் வளர்கிறது.

பிரான்சில் லியோன் நகரத்துப் பட்டுத் தறிகளுக்காக 1804-ல் ஜக்கார்டு உருவாக்கிய முறை இது. அதற்கு முன்பே அங்கே 1725-ல் துளையிட்ட காகிதச் சுருளும், அடுத்த சில ஆண்டுகளில் துளையிட்ட அட்டையும் தறிக்கு வந்துவிட்டன. அவற்றைச் சேர்த்து ஒழுங்காக வேலை செய்யும் இயந்திரமாக்கியது ஜக்கார்டு. நம் ஊரில் அதற்கு முன் இருந்தது அடை முறை. நூல்களைக் கட்டி வைத்து, எதை எப்போது இழுக்க வேண்டும் என்பதைத் தறியிலேயே அமைத்துவிடுவார்கள். வடிவம் தறியோடு சேர்ந்தே இருக்கும். அட்டை வந்த பிறகு வடிவம் தறியை விட்டுத் தனியாகக் கழன்றது. ஒரு தறியில் கழற்றி இன்னொரு தறியில் மாட்டலாம், பரணில் எடுத்து வைக்கலாம்.

ஒரு சின்னக் கணக்கு. நம் ஊரில் பழக்கமான 240 கொக்கிப் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு அட்டையில் 240 இடம், ஒவ்வொன்றிலும் துளை உண்டு அல்லது இல்லை. கணினியும் இதையேதான் பிட் என்கிறது. எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆக ஒரு அட்டையில் 30 பைட். ஆயிரம் அட்டை கொண்ட ஒரு வடிவம் 30,000 பைட். உங்கள் கைப்பேசியில் எடுக்கும் 3 எம்பி படம் ஒன்றுக்கு இந்த அட்டையில் ஒரு லட்சம் வேண்டும். நாம் வாங்க நினைக்கிற 4 டெராபைட் டிஸ்க்கில் ஆயிரம் அட்டை வடிவங்கள் 13 கோடிக்கும் மேல் அடங்கும்.

அட்டை நனையும், எலி கடிக்கும், ஓடி ஓடித் துளை தேயும். ஆனால் அட்டை போனாலும், வடிவத்தைக் கட்டம் போட்ட தாளில் வரைந்து வைத்திருந்தால் அதைப் பார்த்து மறுபடி துளை போட்டுக்கொள்ளலாம். தாளும் போய் அட்டையும் போனால் அந்த வடிவம் அதோடு சரி, யார் வீட்டிலாவது பழைய புடவை இருந்தால்தான் உண்டு.

அட்டையிலிருந்து வட்டுக்கு

தறி அட்டையைப் பார்த்தவர்களில் ஒருவர் இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ். கணக்குப் போடும் இயந்திரத்துக்கும் இதே அட்டையால் கட்டளை கொடுக்கலாம் என்று 1830-களில் திட்டமிட்டார். 1890-ல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹெர்மன் ஹோலரித் துளை அட்டையால் எண்ணிக்கை எடுத்தார். அவர் நிறுவனம் வேறு சிலவற்றோடு சேர்ந்து 1924-ல் ஐ.பி.எம். என்ற பெயர் பெற்றது. அந்த நிறுவனத்தின் அட்டையில் 1928 முதல் 80 வரிசை. வரிசைக்கு ஒரு எழுத்து.

அட்டையில் ஒரு சிக்கல் உண்டு. கட்டில் நடுவில் இருக்கும் ஒரு அட்டை வேண்டுமானால் முதலிலிருந்து தள்ளிக்கொண்டே வர வேண்டும். தறிக்கு அது பரவாயில்லை, வரிசையாகத்தான் நெய்கிறோம். ஒரு வங்கியில் 4,317-ம் எண் வாடிக்கையாளர் வந்து இருப்பு கேட்டால் அவர் பக்கத்தை உடனே திறக்க வேண்டும் அல்லவா?

அதற்குத்தான் 1956-ல் ஐ.பி.எம். நிறுவனம் ராமாக் என்ற இயந்திரத்தைக் கொண்டுவந்தது. அதுதான் விற்பனைக்கு வந்த முதல் ஹார்ட் டிஸ்க். இரண்டடி விட்டமுள்ள 50 வட்டுகள் ஒன்றன் மேல் ஒன்றாகச் சுழலும். அவற்றில் காந்தப் புள்ளிகளாக எழுத்து பதிவாகும். எடை ஒரு டன்னுக்கு மேல். கொள்ளளவு 50 லட்சம் எழுத்து, அதாவது 80 எழுத்து அட்டையில் 62,500. இந்த இயந்திரத்தோடு சேர்ந்த கணினிக்கு மாத வாடகை 3,200 டாலர். அன்றைய மாற்று விகிதத்தில் சுமார் 15,000 ரூபாய்.

1980-ல் சீகேட் நிறுவனம், அப்போது ஷுகார்ட் டெக்னாலஜி என்று பெயர், மேசைக் கணினிக்குள் அடங்கும் 5 எம்பி டிஸ்க்கைக் கொண்டுவந்தது. விலை 1,500 டாலர். அளவு சுருங்கிற்று, கொள்ளளவு கிட்டத்தட்ட ராமாக் அளவேதான். அதற்குப் பின் ஓட்டம் வேகமாயிற்று. 2007-ல் ஹிடாச்சி நிறுவனத்திடமிருந்து முதல் 1 டெராபைட் டிஸ்க் வந்தது. இன்று உள்ளங்கையில் வைக்கும் 4 டெராபைட் டிஸ்க் ராமாக்கைப் போல 8 லட்சம் மடங்கு எழுத்தைத் தாங்குகிறது.

உள்ளே நடப்பது மாறவில்லை. இன்னமும் வட்டு சுழல்கிறது, அதன் மேல் ஒரு தலை பறக்கிறது. தலைக்கும் வட்டுக்கும் உள்ள இடைவெளி நம் தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. ஆகவே எந்த நிறுவனத்தின் டிஸ்க்கும் ஒரு நாள் நிற்கும். எப்போது என்பதுதான் கேள்வி.

வங்கியில் கற்றது

இந்தியாவில் வங்கிக் கிளைகளில் கணினி நுழைந்தது 1983 ஒப்பந்தத்துக்கும், அடுத்த ஆண்டு வந்த ரங்கராஜன் குழு அறிக்கைக்கும் பின்னர்தான். முதலில் வந்தவை லெட்ஜர் பதியும் இயந்திரங்கள். நான் வேலை பார்த்த கிளையில் மாலை கணக்கு முடிந்ததும் அன்றைய பதிவு ஃபிளாப்பியில் ஏறும். திங்களுக்கு ஒன்று, செவ்வாய்க்கு ஒன்று என்று கிழமை எழுதி ஒட்டிய தனித்தனி ஃபிளாப்பி. ஒரு நாளையது கெட்டாலும் முந்தின நாளையது இருக்கும்.

கணினிக்கு முன்பே இந்தப் பழக்கம் இருந்தது. பாதுகாப்பு அறையின் மாற்றுச் சாவி அதே கிளையில் இருக்காது. வேறு கிளையில் ஒப்படைத்து ரசீது வாங்கி வைப்போம். சாவி விலை உயர்ந்தது என்பதால் அல்ல. கிளைக்கு என்ன ஆனாலும் இரண்டு சாவியும் சேர்ந்து போகக் கூடாது என்பதால்.

1988: ஒரு கட்டுரையின் தலைப்பு

இப்போது விதிக்கு வருகிறேன். 1980-களில் பெரிய நிறுவனங்கள் ராமாக்கின் வாரிசான மிகப் பெரிய, மிக விலையுயர்ந்த டிஸ்க்குகளையே நம்பியிருந்தன. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் என்ற மூவர் 1988-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மேசைக் கணினிக்கான சின்ன மலிவு டிஸ்க்குகள் பலவற்றைச் சேர்த்துக் கட்டினால் ஒரு பெரிய டிஸ்க்கை வெல்லலாம், ஒன்று செத்தாலும் தகவல் போகாதபடி செய்யலாம் என்றார்கள். அதற்கு ரெய்டு என்று பெயர் வைத்தார்கள். வருமான வரி ரெய்டு இல்லை, பயப்பட வேண்டாம். மலிவான வட்டுகளை உபரியாக அடுக்குவது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்.

எப்படி என்பது கணக்கு படித்தவர்களுக்குச் சுலபம். ஒரு டிஸ்க்கில் 12, இன்னொன்றில் 7, மூன்றாவதில் கூட்டுத்தொகை 19 என்று எழுதுங்கள். 7 இருந்த டிஸ்க் செத்துவிட்டது. 19-லிருந்து 12-ஐக் கழித்தால் 7 திரும்ப வந்துவிடும். லெட்ஜரில் ஒரு தொகையின் மேல் மை கொட்டிவிட்டால், கூட்டுத்தொகையை வைத்து அதைக் கண்டுபிடிப்போமே, அதுதான். இன்னும் எளிய முறை இரண்டு டிஸ்க்கிலும் ஒன்றையே எழுதுவது. அது கல்லும் செம்பும்.

அந்தப் பெயரில் மலிவான என்ற சொல்லை விற்பனையாளர்கள் பின்னாளில் தனித்தனியான என்று மாற்றிவிட்டார்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் முதல் எழுத்து ஒன்றே. விற்கிற பொருளை மலிவு என்று யார் சொல்வார்கள்! ஆனால் இரண்டு சொல்லும் சேர்ந்ததுதான் நமக்கு வேண்டிய விதி. மலிவாக வாங்குங்கள், ஒன்றுக்கு மேல் வாங்குங்கள், ஒன்றையொன்று சாராமல் தனித்தனியாக வையுங்கள்.

கணக்கு போட்டுப் பாருங்கள். பேக்பிளேஸ் என்ற அமெரிக்க நிறுவனம் தன்னிடம் ஓடும் லட்சக்கணக்கான டிஸ்க்குகளில் எத்தனை பழுதாகின்றன என்ற விவரத்தைப் பல ஆண்டுகளாக வெளியிடுகிறது. அண்மை ஆண்டுகளில் அது நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டுக்குள் இருக்கிறது. ஒன்றரை என்று வைத்துக்கொள்வோம். ஒரே டிஸ்க் வைத்திருந்தால் ஐந்து ஆண்டில் போகும் வாய்ப்பு நூற்றுக்கு ஏழு. இரண்டு டிஸ்க் தனித்தனியாக இருந்தால், இரண்டும் ஒரே ஆண்டில் போகும் வாய்ப்பு பத்தாயிரத்தில் இரண்டு சொச்சம். எவ்வளவு விலை கொடுத்தாலும் எந்த ஒற்றை டிஸ்க்கும் இந்தப் பாதுகாப்பைத் தராது.

கணக்கு பொய்யாகும் இடம் தனித்தனி என்ற சொல்தான். ஒரே பெட்டிக்குள் இருக்கும் இரண்டு டிஸ்க்கையும் ஒரே இடி, ஒரே மின்னழுத்த ஏற்றம், ஒரே திருடன், ஒரே வெள்ளம் கொண்டுபோகும். 2015 டிசம்பர் வெள்ளம் நமக்கு மறக்காது. சான்றிதழும் பத்திரமும் நனைந்து போனவர்களுக்கு மறுநகல் கொடுக்க அரசு சிறப்பு முகாம்கள் நடத்தியது. சான்றிதழுக்கு அலுவலகத்தில் மூலம் இருந்தது, மறுபடி கொடுத்தார்கள். அம்மாவின் குரல் பதிவுக்கும் பேரனின் முதல் நடைக்கும் எந்தத் தாலுகா அலுவலகத்திலும் மூலம் கிடையாது.

வெள்ளத்துக்கு விலையோடும் தொடர்பு உண்டு. 2011-ல் தாய்லாந்தில் வந்த பெருவெள்ளத்தில் அங்கிருந்த ஹார்ட் டிஸ்க் தொழிற்சாலைகள் மூழ்கின. உலகம் முழுவதும் விலை ஏறியது. மேலே சொன்ன பேக்பிளேஸ் நிறுவனமே அப்போது சில்லறைக் கடைகளில் வெளிப்புற டிஸ்க்குகளை வாங்கி, பெட்டியை உடைத்து உள்ளிருப்பதை எடுத்துப் பயன்படுத்தியது. இன்று உலகத்துக்கே ஹார்ட் டிஸ்க் செய்வது சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா என மூன்றே நிறுவனங்கள். ஆகவே விலை ஏறி இறங்கும். அவசரமில்லாதவர்கள் ஏற்றத்தில் வாங்க வேண்டாம்.

இனி கடைக்குப் போகலாம்

முதலில் உங்கள் தகவலை உத்திரமேரூர்க்காரர்கள் போல இரண்டாகப் பிரியுங்கள். போனால் வேறு வழியில் கிடைக்கும் சினிமா, பாட்டு, முப்பது நாளில் அழியும் கேமரா பதிவு எல்லாம் ஓலை. குடும்பப் படம், குரல், பத்திரம், மருத்துவ அறிக்கை எல்லாம் கல். பல வீடுகளில் கல் வகை ஒரு டெராபைட்டுக்குள் அடங்கிவிடும். அதற்கு மட்டும் இரண்டு மூன்று நகல் வைத்தால் போதும். செலவு அங்கேயே பாதி குறையும்.

இரண்டாவது, விலையைக் கொள்ளளவால் மட்டும் வகுக்காதீர்கள். உத்தரவாத ஆண்டாலும் வகுங்கள். உதாரணத்துக்கு, 4 டெராபைட் டிஸ்க் ஒன்று 8,000 ரூபாய், இரண்டு ஆண்டு உத்தரவாதம். இன்னொன்று 10,500 ரூபாய், மூன்று ஆண்டு. முதலாவது டெராபைட்டுக்கு ஆண்டுக்கு 1,000 ரூபாய். இரண்டாவது 875. விலைச்சீட்டில் மலிவாகத் தெரிவது தேய்மானக் கணக்கில் மலிவாக இல்லை. உத்தரவாதம் இந்தியாவில் செல்லுமா என்பதைத் தயாரிப்பாளர் இணையதளத்தில் வரிசை எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

மூன்றாவது, டிஸ்க்கில் எழுதும் முறை. சி.எம்.ஆர். என்றால் தடங்கள் பக்கம் பக்கமாக இருக்கும். எஸ்.எம்.ஆர். என்றால் ஓட்டு வீட்டுக் கூரை போல ஒரு தடத்தின் மேல் அடுத்தது கொஞ்சம் ஏறியிருக்கும். கூரை நடுவில் ஒரு ஓட்டை மாற்ற மேலே உள்ளதையும் எடுக்க வேண்டும் அல்லவா, அதுபோல இதில் திருத்தி எழுதினால் மெதுவாகும். நகல் எடுத்து மூடி வைக்க எஸ்.எம்.ஆர். போதும், விலையும் குறைவு. சர்வரில் எந்நேரமும் ஓடுவதற்கு, அதிலும் ரெய்டு கட்டினால், சி.எம்.ஆர். தான் வேண்டும். இதைப் பெட்டியில் பெரிதாக எழுத மாட்டார்கள். 2020-ல் வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் வரிசையில் சில மாடல்கள் எஸ்.எம்.ஆர். என்பதைப் பயனாளர்கள் கண்டுபிடித்துக் கேட்ட பிறகே பட்டியல் வெளியிட்டது. மாடல் எண்ணை வைத்துச் சரிபாருங்கள்.

நான்காவது, வேகத்துக்குக் காசு கொடுக்க வேண்டாம். வீட்டில் நாலு பேர் படம் பார்க்க நிமிடத்துக்கு 5,400 சுற்று போதும். சூடும் சத்தமும் குறைவு. டிஸ்க் 5 வாட் எடுத்தால் ஆண்டு முழுக்க ஓட 44 யூனிட் ஆகும். கேமராவுக்கென்று விற்கும் டிஸ்க் இடைவிடாமல் எழுதுவதற்காகச் செய்தது. அந்த வேலைக்கே அதை வாங்குங்கள்.

ஐந்தாவது, பழைய டிஸ்க். பெரிய நிறுவனங்களில் ஓடிக் கழித்த டிஸ்க்குகள் பாதி விலைக்குக் கிடைக்கும். எத்தனை மணி நேரம் ஓடியது என்ற கணக்கு டிஸ்க்குக்குள்ளேயே இருக்கும், இலவச மென்பொருளால் பார்க்கலாம். 40,000 மணி என்றால் நாலரை ஆண்டு. ஓலைக்கு வாங்கலாம், கல்லுக்கு வேண்டாம்.

ஆறாவது, 4 டெராபைட் வாங்கிக் கணினியில் போட்டதும் 3.63 என்று காட்டினால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். செய்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், கணினி 1,024 ஆக எண்ணுகிறது. படி வேறு, அரிசி குறையவில்லை.

ஆக, 8 டெராபைட் ஒன்று வாங்கப் பணம் வைத்திருப்பவர்கள், 4 டெராபைட் இரண்டு வாங்குங்கள். ஒன்று சர்வருக்குள். இன்னொன்று யு.எஸ்.பி. பெட்டியில், மாதம் ஒருமுறை நகல் எடுத்து மகள் வீட்டிலோ தம்பி வீட்டிலோ வங்கி லாக்கரிலோ. இரண்டையும் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்காமல் வெவ்வேறு தயாரிப்பாக வாங்கினால் இன்னும் நல்லது. சர்வரை யு.பி.எஸ்.ஸில் இணையுங்கள். நமக்கு மின்வெட்டு எப்போது என்று மின்வாரியத்துக்கே தெரியாது. மூன்றாவதாக வேறு ஒரு வகையிலும், வாடகைக் கணினியிலோ பென் டிரைவிலோ, மிக முக்கியமான சில கோப்புகள் இருக்கட்டும். மூன்று நகல், இரண்டு வகை, ஒன்று வெளியிடத்தில் என்று கணினிக்காரர்கள் சொல்லும் சூத்திரம் இதுதான்.

ரெய்டு கட்டியிருக்கிறோமே, நகல் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: தவறுதலாக ஒரு படத்தை அழித்தால் ரெய்டு இரண்டு டிஸ்க்கிலும் சேர்த்தே அழிக்கும். வைரஸ் வந்தாலும் அப்படியே. ரெய்டு வீட்டில் டிஸ்க் செத்த நாளில் வேலை நிற்காமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவே.

கடைசியாக, ஆண்டுக்கு ஒரு நாள், சரஸ்வதி பூஜையன்று என்றே வைத்துக்கொள்ளுங்களேன், வெளியில் வைத்திருக்கும் நகலை எடுத்து வந்து பத்துப் படத்தையாவது திறந்து பாருங்கள். திருமழபாடிக்காரர்கள் புத்தகத்தில் எழுதியதோடு நிற்கவில்லை, மறுபடி சுவரில் வெட்டினார்கள். வெட்டியதால்தான் இன்று நமக்குக் கதை தெரிகிறது.

நம் குடியிருப்பில் இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து, ஒருவர் நகல் டிஸ்க்கை இன்னொருவர் வீட்டில் கடவுச்சொல் பூட்டு போட்டு மாற்றி வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரே கட்டடம் என்பதால் அதோடு நிறுத்திவிடாமல், வேறு தெருவிலோ வேறு ஊரிலோ ஒன்று இருக்கட்டும். இந்த வகையில் யாருக்காவது கணக்கு போட உதவி வேண்டுமானால் சங்க அலுவலகத்தில் சொல்லி வையுங்கள், வந்து பார்க்கிறேன்.